கோழி சூப் கலங்குகிறது, மாட்சா உருண்டை கல்லாகிறது, கறி உருண்டை ரப்பராகிறது: என் தவறு எங்கே?

வீட்டில் வைக்கும் கோழி சூப் சப்பென்றும் கலங்கலாகவும் இருக்கிறது, அதில் போடும் மாட்சா உருண்டை (யூதர்களின் புளிக்காத அப்பத்தைப் பொடித்துப் பிடிப்பது) கல்லாகிறது அல்லது கரைந்துவிடுகிறது, கறி உருண்டை போட்டுச் செய்தாலோ அது ரப்பராகிறது, இவற்றுக்குத் தனித்தனிக் காரணங்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தவறுகள் எல்லாவற்றையும் நானே செய்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் மூன்றுதான்: தீ அதிகம், வேகவும் ஊறவும் விடும் நேரம் குறைவு, கறியைப் பிசைவது அதிகம்.

முதலில் சாற்றைப் பார்ப்போம், ஏனெனில் அது சரியாக அமையாவிட்டால் உருண்டை எவ்வளவு நன்றாக வந்தாலும் பயனில்லை. ஒன்றரைக் கிலோ கோழிக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் குளிர்ந்த நீர் ஊற்றி, மிதமான தீயில் மெதுவாகச் சூடேற்றுங்கள். வெந்நீரில் போட்டால் புரதம் சட்டென்று உறைந்து நீரெங்கும் துகளாகப் பரவும். குளிர்ந்த நீரில் தொடங்கினால் அது நுரையாக மேலே திரளும், கரண்டியால் எடுத்துவிடலாம். நுரை எடுத்த பிறகு வெங்காயம், கேரட், செலரி, சில மிளகு ஆகியவற்றைச் சேர்த்து, மேற்பரப்பில் ஓரிரு குமிழிகள் மட்டும் எழும் அளவுக்குத் தீயைக் குறைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் உருகிய கொழுப்பு மிகச் சிறு துளிகளாக உடைந்து நீரோடு கலந்துவிடுகிறது. நீங்கள் காணும் கலங்கல் பெரும்பாலும் அதுதான். வெங்காயத்தைத் தோலோடு போட்டால் சாற்றுக்குப் பொன்னிறம் கிடைக்கும் என்பது ஒரு சிறு உபரித் தகவல்.

சப்பென்று இருப்பதற்குக் காரணம் வேறு. சூப் உதட்டில் லேசாக ஒட்ட வேண்டுமானால் எலும்பு மூட்டுகளிலும் தோலிலும் உள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாற வேண்டும், அதற்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரமாவது ஆகும். நெஞ்சுக்கறி மட்டும் போட்டுச் சாறு எடுப்பது வீண் செலவு. கால், இறக்கை, கழுத்து, முதுகெலும்பு ஆகியவைதான் சாற்றுக்கு அடர்த்தி கொடுப்பவை. முழுக்கோழி என்றால் முக்கால் மணி நேரத்தில் நெஞ்சுக்கறியை எடுத்துப் பிய்த்து வைத்துக்கொண்டு, எலும்பைத் திரும்பப் பானையில் போட்டுவிடுங்கள். நீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறும் என்பதால் உப்பைக் கடைசியில் போடுவதே நல்லது. குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்த சாறு மறுநாள் கூழ்போல் இறுகியிருந்தால் நீங்கள் வென்றுவிட்டீர்கள். மேலே படிந்திருக்கும் மஞ்சள் கொழுப்பைத் தனியே எடுத்து வையுங்கள், அதற்கு இப்போதே வேலை இருக்கிறது.

மாட்சா என்பது யூதர்கள் பாஸ்கா பண்டிகையில் உண்ணும் புளிக்காத அப்பம். மாவில் நீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும் என்பது அதற்கான விதி. அதை ரவைபோல் பொடித்துப் பிடிப்பதே மாட்சா உருண்டை, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் க்னெய்ட்லாக். ஏற்கெனவே சுட்ட அப்பத்தின் பொடி என்பதால் அது ஈரத்தை நிறையக் குடிக்கும், ஆனால் உடனே குடிக்காது. கல்லாவதும் கரைவதும் இங்கேதான் தொடங்குகின்றன. நான்கு முட்டை, ஒரு கப் மாட்சாப் பொடி, கால் கப் கோழிக்கொழுப்பு, கால் கப் சாறு, ஒரு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்தால் முதலில் தளர்வாகத்தான் தெரியும். அதைக் கண்டு இன்னும் கொஞ்சம் பொடி சேர்ப்பவருக்குக் கல் கிடைக்கும். ஊறவிடாமல் அப்படியே நீரில் போடுபவருக்குக் கஞ்சி கிடைக்கும். விருந்தினர் வந்து உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் எனக்குக் கிடைத்தது அதுதான். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம், கலவையை மூடிக் குளிரில் வையுங்கள். பிறகு ஈரக்கையால், அழுத்தாமல், பந்துபோல் உருட்டி, உப்பிட்ட கொதிநீரில் இட்டு, தீயைக் குறைத்து மூடி, முப்பது முதல் நாற்பது நிமிடம் வேகவிடுங்கள். ஏறத்தாழ இரு மடங்காக உப்பும், ஆகவே பானை அகலமாக இருக்கட்டும். இவற்றைச் சாற்றிலேயே வேகவைத்தால் சுவை கூடும் என்பது உண்மைதான், ஆனால் மாவு கரைந்து தெளிந்த சாறு கலங்கிவிடும் என்பதால் நான் தனி நீரையே விரும்புகிறேன். உருண்டை மிதக்க வேண்டுமா, அடியில் தங்க வேண்டுமா என்பது யூதக் குடும்பங்களில் முடிவில்லாத வழக்கு. அடர்த்தியான உருண்டையை வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு, ஆகவே உங்களுடையது சற்றே கனமாக இருந்தால் அதைத் தவறென்று எண்ண வேண்டாம்.

கறி உருண்டைக்கு வருவோம். கொத்துக்கறியில் உப்புப் போட்டு நன்றாகப் பிசைந்தால் இறைச்சியின் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. உங்கள் ரப்பர் அப்படித்தான் உருவாகிறது. நனைத்த ரொட்டித்துண்டை மசித்துச் சேர்த்தால் அது ஈரத்தைப் பிடித்துவைத்து இந்தப் பின்னலையும் தளர்த்தும். இத்தாலிய முறையில் பாலில் நனைப்பார்கள். இறைச்சியோடு பால் சேர்க்காத யூத சமையலறைக்குச் சாற்றில் நனைத்தாலே போதும். அரைக் கிலோ கறிக்கு இரண்டு ரொட்டித்துண்டு, ஒரு முட்டை போதுமானது. விரல் நுனிகளால் கலந்து, எல்லாம் சேர்ந்தவுடன் நிறுத்திவிடுங்கள். சூப்புக்கு உருண்டை சிறிதாக இருப்பதே அழகு. கறி உருண்டையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான அல்போன்டிகா, சிறு கொட்டை ஒன்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதே அளவைச் சொல்லிவிடுகிறது. மாட்சா உருண்டைக்கு நேர்மாறாக இவற்றைச் சாற்றிலேயே வேகவையுங்கள், ஏனெனில் இவை சாற்றுக்குச் சுவை தருகின்றன. சிறியவை என்றால் பத்து நிமிடம், அதுவும் கொதிக்காத சூட்டில். அமெரிக்க இத்தாலியர்களின் திருமண சூப்பும் இதே முறைதான், கடைசியில் கீரை சேரும். பெயரில் உள்ள திருமணம் கீரைக்கும் இறைச்சிக்கும் நடப்பது, மனிதர்களுக்கு அல்ல.

சளிக்கு இது உண்மையில் உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 12ஆம் நூற்றாண்டிலேயே யூத மருத்துவர் மைமோனிடிஸ் கோழிச்சாற்றைப் பரிந்துரைத்தார். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஸ்டீஃபன் ரென்னார்ட் குழுவினர் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக் கோழி சூப் அழற்சியைத் தூண்டும் ஒருவகை வெள்ளணுக்களின் நகர்வை மட்டுப்படுத்தியது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் கண்டது, நோயாளிகளிடம் அல்ல. சூடான நீர்மம், உப்பு, ஆவி ஆகியவை மூக்கடைப்புக்கு இதமானவை என்பதற்கு மேல் நான் எதையும் உறுதியளிக்க மாட்டேன்.

மிஞ்சியதை எடுத்து வைக்கும்போது சாற்றை அகலமான பாத்திரத்தில் ஊற்றி விரைவாக ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிடுங்கள். மாட்சா உருண்டைகளைச் சாற்றில் விட்டுவைத்தால் அவை இரவெல்லாம் குடித்து, காலையில் பானையில் சாறே மிஞ்சாது. அவற்றைத் தனியே வைத்து, பரிமாறும் முன் சாற்றில் சூடாக்கிக்கொள்ளுங்கள்.