சக்சைவாமன் மதிலைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் எங்கள் இருவரையும் பெரு நாட்டுக்குக் கூட்டிப் போகிறாள். மச்சு பிச்சு பார்ப்பது உறுதி. குஸ்கோ நகருக்கு மேலே இருக்கும் சக்சைவாமன் கல்மதிலையும் பார்க்க எனக்கு ஆசை, வெறும் கல்தானே என்கிறார் கணவர். மனிதரால் அதைக் கட்டவே முடியாது என்று யூரியூப்பில் சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகி, உப்புவெளி

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. கட்டியது மனிதர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில் ஸ்பானியருக்கு முன் அந்த நாட்டை ஆண்ட இன்கா மக்களின் அரசர் பச்சகூட்டி காலத்தில் தொடங்கிய வேலை. இரும்பு உளி கிடையாது, சாந்து கிடையாது, கடினமான உருண்டைக் கல்லைக் கையில் பிடித்துச் சுண்ணக்கல்லைக் கொத்திக் கொத்தி, பக்கத்துக் கல்லின் வளைவுக்குப் பொருந்தும்வரை சரிபண்ணி அடுக்கினார்கள், அதிலும் பெரிய கல் 100 தொன்னுக்கு மேல். இன்காக்கள் கல் எடுத்த இடங்களில் அந்தச் சுத்தியல் கற்கள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பேருடைய உழைப்பைத் தூக்கி வேற்றுக்கிரகவாசிக்குக் கொடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஐயாவிடம் இதைச் சொல்லுங்கள். ஸ்பானியர் குஸ்கோவைப் பிடித்த பிறகு இந்த மதிலின் சிறிய கற்களைக் கழற்றிக்கொண்டுபோய் நகரில் வீடும் தேவாலயமும் கட்டினார்கள், அசைக்க முடியாதவைதான் மிஞ்சின. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டிய திருகோணமலையில், பிரட்றிக் கோட்டை வாசலில் மீன் செதுக்கிய கல்லைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால் மதிலோடு திரும்பிவிடாமல் கீழே சாந்தோ டொமிங்கோ மடத்தையும் பாருங்கள். இன்காக்களின் சூரியன் கோயில் சுவர்மேல் ஸ்பானியர் எழுப்பியது அது. 1950 நிலநடுக்கத்தில் மேற்கட்டடம் பெரிதாகச் சேதமானது, அடியில் இருந்த இன்கா சுவர் நின்றது.

உயரத்தில்தான் கவனம். நாம் கடற்கரைச் சனம். இலங்கையில் ஆக உயர்ந்த பிதுருதலாகலவே 2,524 மீற்றர், குஸ்கோவோ கிட்டத்தட்ட 3,400, மதில் சுமார் 3,700. இறங்கிய அன்றே ஏறினால் தலையிடி, வாந்தி, மூச்சுவாங்கல் எல்லாம் வரலாம். முதல் இரண்டு மூன்று இரவு ஒய்யந்தாய்தம்போ என்ற ஊரில் தங்கும்படி மகளிடம் சொல்லுங்கள், அது சுமார் 2,800 மீற்றர்தான், அங்கேயும் அருமையான கல்வேலை இருக்கிறது, மச்சு பிச்சுவுக்கு ரயிலும் அங்கிருந்தே எடுக்கலாம். குஸ்கோ கடைசியில். பிரஷர், இருதய வருத்தம் ஏதும் இருந்தால் இப்போதே டொக்டரைக் கேளுங்கள்.

அப்புறம், குஸ்கோ சுற்றுலாச் சீட்டு ஒன்று எடுத்தால் சக்சைவாமன், ஒய்யந்தாய்தம்போ இரண்டும் அதில் அடங்கும். ஜூன் 24 இன்ரி ராய்மி சூரிய விழா மதிலடியில்தான் நடக்கும், அன்று கூட்டம் தாங்காது. மே மாதம் மழை குறைவு, முடிந்தால் அப்போது போங்கள்.