ராமேஸ்வரத்தில் 7,000 ரூபாய்க்குள் குடும்பத்தோடு இருக்க வாடகை வீடு கிடைக்குமா? அங்கே வாடகை ஏன் இவ்வளவு ஏறிவிட்டது?

கிடைக்கும். ஆனால் கோயிலைச் சுற்றித் தேடினால் கிடைக்காது. தங்கச்சிமடம், பாம்பன், பாலத்தைத் தாண்டினால் மண்டபம், உச்சிப்புளி என்று தேடுங்கள். நீங்கள் மதுரைப் பக்கமிருந்து பேங்கு வேலைக்கோ வாத்தியார் வேலைக்கோ மாற்றலாகி வருகிறீர்கள் போல. 'குடும்பத்தோடு' என்று கேட்டிருப்பதால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பாம்பனில் பிறந்தவள். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர், அதாவது என் கணவர், விசைப்படகு டிரைவர். ராமேஸ்வரத்தில் கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரே வீட்டில் பதினோரு வருடம் வாடகைக்கு இருந்தோம். போன வருடம் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக முடியவில்லை.

2014-இல் குடி போனபோது வாடகை 3,000. ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு. பின்பக்கம் துணி துவைக்க இடம். அந்த வரிசையில் நான்கு வீடு, நான்கிலும் குடும்பங்கள். ஊரில் அப்போதும் கூட்டம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருகிறவர்கள் காலையில் அக்னி தீர்த்தத்தில் முங்கி, உள்ளே 22 தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்டுவிட்டுப் பெரும்பாலும் அன்று ராத்திரியே ரயிலேறிவிடுவார்கள். தங்குகிறவர்களுக்கு மடமும் லாட்ஜும் போதும்.

எனக்குத் தெரிந்து மாற்றம் 2017-இல் தொடங்கியது. அந்த வருடம் ஜூலை 27-இல் பேய்க்கரும்பில் கலாம் ஐயா நினைவிடம் திறந்தார்கள். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடும் அன்றைக்கே திறப்பு. அதுவரை மணலில் வேனும் ஜீப்பும்தான் போகும். ரோடு வந்த பிறகு சொந்தக் காரில் குடும்பம் குடும்பமாக வந்து இரண்டு ராத்திரி தங்க ஆரம்பித்தார்கள். அப்புறம் 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். இரண்டே கால் வருடம் ரயில் இந்தப் பக்கம் வரவே இல்லை, மண்டபம், ராமநாதபுரத்தோடு நின்றுவிடும். 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறந்ததும், அதுவரை வராமல் இருந்த கூட்டமும் சேர்ந்து வந்தது.

மே மாதம் ஓனர் வீட்டுக்கு வந்தார். பதினோரு வருடமும் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டேன். அது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டுக்காரருக்கு ஒரு ரூபாய் வரும்படி கிடையாது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பெரியப்பா உட்காரவே இல்லை. "தாயி, தப்பா நெனைக்காத. மகன் துபாய்ல இருந்து வந்துட்டான். அவனுக்கு இங்க ஒரு தொழில் வேணும். நாலு வீட்டையும் ரூமாக்கப் போறான். ஆடி அமாவாசைக்குள்ள வேலை முடியணும்" என்றார்.

அப்போது நாங்கள் கொடுத்த வாடகை 6,500. வேண்டுமானால் 8,000 தருகிறோம் என்றேன். அவர் கணக்குச் சொன்னார். எங்கள் வீட்டை நடுவில் சுவர் வைத்துத் தடுத்தால் இரண்டு ரூம் வரும். ஒரு ரூம் ஒரு நாளைக்கு 1,500. மாதத்தில் ஐந்தே ஐந்து நாள் ஆள் வந்தால் 15,000. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசைக்கு அதே ரூமுக்கு இரண்டு மடங்கு கேட்கலாம், கொடுக்க ஆள் இருக்கிறது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான், இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்கள் கேட்ட 'ஏன்' என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். அங்கே வீடு தேடும்போது இன்னொரு குடும்பத்தோடு போட்டி போட்டால் ஐநூறு, ஆயிரம் கூட்டிக் கொடுத்து ஜெயித்துவிடலாம். ஒரு ராத்திரி தங்கிப் போகிறவரோடு மாதச் சம்பளக்காரர் போட்டி போட முடியாது. சுற்றிலும் கடல். புதிதாகக் கட்டவும் கரையோரத்தில் ஆயிரம் கட்டுப்பாடு. அதனால் இருக்கிற வீடுதான் ரூமாகிறது.

பெரியப்பாவைக் கெட்டவர் என்று யாரும் எழுத வேண்டாம். 30,000 அட்வான்ஸை ஒரு ரூபாய் குறைக்காமல் எண்ணிக் கொடுத்தார். படகுகள் ஸ்டிரைக்கில் நின்ற மாதங்களில் வாடகையைப் பத்து இருபது நாள் தள்ளிக் கொடுத்திருக்கிறோம், ஒரு வார்த்தை கேட்டதில்லை. யாத்ரீகர்கள் வரக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. என் தம்பி ஆட்டோ ஓட்டுவதே அவர்களை நம்பித்தான்.

ஆனால் ஜூன் மாதம் முழுக்க வீடு தேடி அலைந்தது மறக்காது. மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிற நேரம். 'டூ லெட்' போர்டு பார்த்துப் போனால், நாள் வாடகையா மாத வாடகையா என்பதுதான் முதல் கேள்வி. மாதம் என்றதும் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். மீதிப் பேர் "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்பார்கள். படகு என்றதும் "கடலுக்குப் போறவங்களுக்குக் குடுக்கிறதில்லம்மா, வாடை வரும்" என்று ஒரு அம்மா நேராகவே சொன்னார். இன்னொருவர் "என்ன ஆளுக?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டபின் வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்றார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

இதை இங்கே சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். இந்தத் தளத்திலேயே மீனவர்களைப் பற்றிய பதில்களில் 'பேராசையால் எல்லை தாண்டுகிறார்கள்' என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் ஒரு ராத்திரியாவது பாக் நீரிணையில் வலை இழுத்துப் பார்த்திருக்கிறார்களா? 1974-இல் கச்சத்தீவைக் கொடுத்தபோது எங்கள் ஆட்களிடம் யார் கேட்டார்கள்? வீட்டுக்காரர் கடலுக்குப் போன ராத்திரி போன் ஒலித்தால் எனக்கு வயிறு பிசையும். படகில் மட்டும் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை, கடலடியை வாரி இழுக்கும் அடிமடி வலையைப் பற்றி எங்கள் வீட்டிலேயே சண்டை வரும். ஆனால் பேராசை என்ற வார்த்தையை எங்களைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். காலி செய்து மூன்று வாரம் கழித்து, விட்டுப்போன கொடிக்கம்பியை எடுக்கப் போனேன். சமையல்கட்டு பாத்ரூமாகியிருந்தது. அடுப்பு இருந்த இடத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது. கடப்பாக் கல் மேடையை உடைக்காமல் பெயர்த்துத் தெருவில் சாய்த்து வைத்திருந்தார்கள். தேங்காய் உடைத்து உடைத்து ஒரு முனை பெயர்ந்த கல். மேஸ்திரியிடம் கேட்டேன், எடுத்துக்கோங்கக்கா என்றார். தம்பி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இப்போது தங்கச்சிமடத்து வீட்டில் பின்வாசலில் அதன்மேல்தான் மீன் கழுவுகிறேன்.

தங்கச்சிமடத்தில் 5,500 கொடுக்கிறோம். பஸ் அடிக்கடி இருக்கிறது. நீங்கள் வீடு பார்க்கப் போனால் முதலில் அண்ணாந்து மேல்தளத்தைப் பாருங்கள். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, சிமெண்டைப் பிளந்து தள்ளும். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் நம்பாதீர்கள், ஒரு குச்சியால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் அந்த ரூமில் பிள்ளையைப் படுக்க வைக்க முடியாது. தண்ணீரை ஒரு பாத்திரத்தில் காய்ச்சிப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படிந்தால் குடிதண்ணீருக்குத் தனியாகச் செலவு உண்டு. முடிந்தால் ஒரு அமாவாசை அன்று வாருங்கள். தெருவில் நடக்கும்போது இரண்டு பேர் "ரூம் வேணுமா சார்" என்று கேட்டால் அந்தத் தெருவையே விட்டுவிடுங்கள், இன்றைக்கு வீடு கொடுத்தாலும் அடுத்த வருடம் காலி செய்யச் சொல்வார்கள்.

அப்புறம் எழுதி வாங்குங்கள். எங்களுக்குப் பதினோரு வருடமும் வாய்ப்பேச்சுதான், அது என் தப்பு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறுமாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்பார்கள், பேசிக் குறையுங்கள். பதிவு என்றதும் ஓனர் ஓடிவிடுவார் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் இப்போதைய ஓனர் ஓடவில்லை, கையெழுத்துப் போட்டார்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இருக்கும் போலீஸ்கார அண்ணனுக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஒரு மாதத்தில் காலியாகும். மேல்தளம் நன்றாக இருக்கிறது, நானே பார்த்தேன். வேண்டுமென்றால் இதற்குக் கீழே சொல்லுங்கள், வேறு யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் ஓனரிடம் பேசி வைக்கிறேன்.