கேள்வி - பதில்: கடற்கொள்ளையனும் காளமேகமும்

கேள்வி: அக்கா, என் 13 வயது மகனுக்கு அவனுடைய மாமா 'த சீக்ரெட் ஒஃப் மங்கி ஐலண்ட்' என்ற கொம்பியூட்டர் கேம் ஒன்றைத் தந்திருக்கிறார். 1990இல் வந்ததாம். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அது பிடிக்குமா?
- வாசகி, மூதூர்

பதில்: பிடிக்கும் தங்கச்சி. முதல் நாள் மட்டும் நீங்களும் பக்கத்தில் இருங்கள், முழுக்க ஆங்கிலப் பேச்சு. 2003இல் திருகோணமலை டைக் வீதியில் எங்கள் வீட்டுக்கு முதல் கொம்பியூட்டர் வந்தபோது, அண்ணாவும் நானும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டுதான் விளையாடினோம்.

கடற்கொள்ளையனாக ஆசைப்பட்டு ஒரு தீவுக்கு வரும் கைபிரஷ் என்ற பெடியனின் கதை. அதில் வாள்சண்டைக்குக் கைவேகம் தேவையில்லை. ஒருவன் வசை சொல்வான், மற்றவன் பொருத்தமாக மறுமொழி சொல்ல வேண்டும். தெரியாத வசையில் தோற்றால்தான் அந்த வசை நமக்குப் பாடமாகும். கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரு கட்சிகளும் வசைபாடிக்கொண்ட கிழக்கு மண்ணில் இதை விளக்க வேண்டுமா?

"நீ மாட்டுப்பட்டிக்காரன் மாதிரிச் சண்டை பிடிக்கிறாய்" என்றால், "பொருத்தம்தான், நீ மாடு மாதிரியல்லோ பிடிக்கிறாய்" என்பது மறுமொழி. இப்படி எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு வாள்வித்தையில் பெயர்போன கார்லாவிடம் போனால், அவளோ நாம் கேட்டேயிராத வசைகளை எடுத்துவிடுகிறாள். "உன் இரத்தத்தைச் சொட்டு விடாமல் கறப்பேன்" என்கிறாள். கறப்பேன்! அதே மாட்டு மறுமொழி இங்கேயும் பொருந்துகிறது. அது விளங்கிய கணத்தில் நான் கதிரையை விட்டே எழும்பிவிட்டேன். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவைப் பொருத்திய காளமேகத்தை அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். இது அதே சிலேடை. அதற்குப் பிறகு எத்தனையோ கேம் விளையாடிவிட்டேன், இதற்கு ஈடான சண்டை ஒன்றைக் காணவில்லை.

இதை உருவாக்கிய ரொன் கில்பர்ட், விளையாடுபவரை வீணாகச் சாகடிக்கும் அக்காலத்துக் கேம்களைக் கண்டித்து 1989இல் கட்டுரையே எழுதியவர். ஆரம்பத்தில் ஒரு சாமானை எடுக்க மறந்தால் முடிவில் வழியில்லாமல் நிற்கும் கொடுமை இதில் இல்லை. மகன் பயமில்லாமல் எதையும் தொட்டுப் பார்க்கலாம். பின்பகுதியில் மங்கி தீவைச் சுற்றிச் சுற்றி நடப்பது எனக்கு இன்றும் சலிப்புத்தான்.

மாமா தந்தது 2009இல் வந்த புதுப்பதிப்பு என்றால், எஃப்10 விசையை அழுத்திப் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறலாம்.

கேள்வி: அதே கேமில் ஓரிடத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன். விடையைத் தேடிப் பார்க்கலாமா?
- மாணவன், உப்புவெளி

பதில்: இன்னும் இரண்டு நாள் பொறு தம்பி. கைபிரஷைச் சிலையோடு கட்டிக் கடலில் தள்ளும் இடத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். 10 நிமிடம் மூச்சடக்குவேன் என்பான். டைக் வீதிக் கடலில் மூச்சடக்கிப் போட்டி போட்டு 1 நிமிடத்தைக்கூடத் தாண்டாத எங்களுக்கு அது பெரிய வியப்பு. சுற்றிவரக் கத்தி, வாள் எல்லாம் கிடக்கும், எதுவும் கைக்கு எட்டாது. கயிற்றை அறுப்பதிலேயே நாள்கணக்காகக் கிடந்தோம். கடைசியில் அண்ணா ஒன்றும் பேசாமல் அந்தச் சிலையையே தூக்க வைத்தான். கைபிரஷ் அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஏறி நடந்தான்.