இழுப்பு மருந்தும் கூட்டாளிகளும்: வாசகர் கேள்விகள்

பீடியை விட்டு இரண்டு வாரம் ஆகிறது. இழுப்புக்குப் போடும் தியோபிலின் மாத்திரையைத் தொடரலாமா? (எண்ணூர்)

பீடியை விட்டதற்கு வாழ்த்துகள். புகை இந்த மருந்தை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவந்தது. இனி அதே அளவு அதிகமாகிவிடலாம். ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்க நேரிடும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அப்பா தினமும் தியோபிலின் போடுகிறார். வயிற்றுப்போக்குக்குக் கடையில் சிப்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாளிலிருந்து குமட்டல், கை நடுக்கம், படபடப்பு. (காசிமேடு)

கடிதம் எழுதும் நேரத்தில் அவரை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். இன்னும் போகவில்லையென்றால் மாத்திரைகளை நிறுத்திவிட்டு இப்போதே கிளம்புங்கள்; அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். தியோபிலினைக் கல்லீரல்தான் கழிக்கிறது. அந்த வேலையை சிப்ரோபிளாக்சசின் முடக்குவதால் மருந்து ரத்தத்தில் தேங்குகிறது. மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் வாந்தி, நடுக்கம். இன்னும் ஏறினால் வலிப்பு, இதயத் துடிப்புத் தடுமாற்றம். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும், வயிற்றுப்புண்ணுக்குத் தரும் சிமெடிடினும் இப்படித்தான்.

என்னால் பொறுக்க முடியாதது இதுதான்: சிவப்புக் கோடு போட்ட அட்டையிலிருந்து நான்கு மாத்திரையைக் கத்தரித்து, பெயர் இருந்த பகுதியைக் கடையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் சொல்லவில்லை. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலே போதும். ஆன்டிபயாடிக் தேவைதானா என்பதை மருத்துவர் சொல்லட்டும். எந்தக் கடையிலும், எந்த மருத்துவரிடமும் முதல் வார்த்தையாக "தியோபிலின் சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள்.

கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். அதன்பின் இழுப்பு அதிகம், இன்ஹேலரும் கேட்பதில்லை. (தண்டையார்பேட்டை)

புட்டியில் டைமோலால் என்று இருக்கிறதா, பாருங்கள். கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்தான சால்பியூட்டமாலையும் எதிர்க்கும். கண் மருத்துவரிடம் ஆஸ்துமா இருப்பதைச் சொன்னீர்களா? இன்றே போய் வேறு சொட்டு மருந்து கேளுங்கள். மூச்சு மிகவும் திணறினால் நேராக அவசரப் பிரிவுக்கு.

நீல மாத்திரையும் வெள்ளை மாத்திரையும் சேர்த்துப் போடலாமா? (வியாசர்பாடி)

நிறத்தை வைத்து மருந்தைச் சொல்ல எவராலும் முடியாது. பெயரை எழுதி அனுப்புங்கள்.

தியோபிலினோடு காபி குடிக்கலாமா? (திருவொற்றியூர்)

ஒன்றிரண்டு குவளை, சரி. காபியில் உள்ள கஃபீன் தியோபிலினுக்கு நெருங்கிய உறவு. அளவு மீறினால் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும்.