ஒரே வீடு, மூன்று தொகுதிப் பெயர்: ஸ்காபரோவில் உங்கட எம்.பி. யார்?

தம்பி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நீங்கள் இருக்கும் தொகுதியை வீட்டுச் சொந்தக்காரர் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்கிறார், மாகாணத் தேர்தல் துண்டில் ஸ்காபரோ–ரூஜ் பார்க், எம்.பி. அனுப்பிய கடதாசியில் ஸ்காபரோ–கில்ட்வூட்–ரூஜ் பார்க். எது சரி, பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) மட்டும் இருக்கிற நான் மனைவியின் குடிவரவு ஸ்பொன்சர் விசயமாக எம்.பி. ஒபிசுக்குப் போகலாமோ என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகப் போகலாம். வாக்குப் போடத்தான் குடியுரிமை வேணும். உதவி கேட்க அந்தத் தொகுதிக்குள் குடியிருந்தால் போதும்.

பெயர்களில் முதலாவது, இப்ப இல்லாத தொகுதி. ரூஜ் ரிவருக்கு 1988இல் முதல் தேர்தல். அன்றிலிருந்து 2011 வரை லிபரல் கட்சியின் டெரெக் லீ. 2011இல் என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) சார்பில் ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடா நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர் ஆனார். அதனால்தான் பழைய ஆட்களின் வாயில் அந்தப் பெயர் இன்னும் நிற்கிறது. 2015இல் அந்தத் தொகுதியைப் பிரித்து ஸ்காபரோ நோர்த், ரூஜ் பார்க் என்று ஆக்கினார்கள். ராதிகா நோர்த்தில் நின்று ஷோன் சென்னிடம் தோற்றார். ரூஜ் பார்க்கில் கரி ஆனந்தசங்கரி வென்றார். இருவரும் லிபரல். 2025இல் எல்லைக் கோடு திரும்ப மாறியது. கரி இப்ப கில்ட்வூட்–ரூஜ் பார்க்கின் எம்.பி.

இதில் சூழ்ச்சி தேடவேண்டாம். பத்து வருசத்துக்கு ஒருமுறை, சனத்தொகைக் கணக்கெடுப்பு முடிய, மாகாணத்துக்கு ஒன்றாக மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு எல்லையைத் திரும்பக் கீறும். கடைசிமுறை நாடு முழுக்க 338 இருக்கை 343 ஆனது. ஆனால் ரொறன்ரோவுக்கு 25இலிருந்து 24 ஆகக் குறைந்தது, ஒன்ராறியோவின் மற்றப் பக்கங்களில் சனம் வேகமாகக் கூடியதால்.

குழப்பம் எங்கே என்றால், மாகாணமும் மாநகரசபையும் இன்னும் 2015ஆம் ஆண்டுக் கோட்டிலேயே நிற்கின்றன. 2025 பெப்ரவரி மாகாணத் தேர்தல் பழைய எல்லையில் நடந்தது. அதே ஏப்ரலில் மத்திய தேர்தல் புது எல்லையில். ஆகவே உங்கட துண்டும் சரி, கடதாசியும் சரி. ஊரில் யாழ்ப்பாண மாவட்டத்துக்குப் பல எம்.பி.மார், விருப்பு வாக்கு என்று பழகிய எங்களுக்கு, ஒரு தொகுதிக்கு ஒரே ஆள் என்பதே முதலில் புதினம்தான்.

எலெக்‌ஷன்ஸ் கனடா (மத்திய தேர்தலை நடத்தும் அமைப்பு) தளத்தில் தபால் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். எல்லையோரத்தில் ஒரே குறியீடு இரண்டு தொகுதிக்குள் விழக்கூடும்; அப்ப வீட்டு இலக்கம், தெருப் பெயரையும் கொடுக்கவேணும். ஸ்டீல்ஸ் வீதிக்கு அங்கால மார்க்கம், அது வேற தொகுதி. குடிவரவு, பாஸ்போர்ட், பிள்ளைகளுக்கான கொடுப்பனவு, இ.ஐ. என்ற வேலைக் காப்புறுதி எல்லாம் எம்.பி.யிடம். ஓஹிப் என்ற மருத்துவக் காப்புறுதி, பள்ளிக்கூடம் மாகாணசபை உறுப்பினரான எம்.பி.பி.யிடம். குப்பை, தெருப் பார்க்கிங் கவுன்சிலரிடம். ஸ்பொன்சர் பைலோடு எம்.பி.பி. ஒபிசில் போய் நின்றால் அரைநாள்தான் வீண்.

எம்.பி. ஒபிசுக்குப் போகமுன் விண்ணப்ப இலக்கம், குடிவரவுத் திணைக்களம் ஆளுக்கு ஒன்றாகத் தரும் யூ.சி.ஐ. இலக்கம், பிறந்த திகதி, குடிவரவுத் திணைக்களத்திடம் இருந்து வந்த கடைசிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள். சம்மதப் படிவத்தில் கையொப்பம் இல்லாமல் அவர்கள் ஒன்றும் விசாரிக்க ஏலாது. விண்ணப்பம் மனைவியுடையது என்றால் அவவின் கையொப்பமும் வேணும், அதை முன்கூட்டியே எடுப்பியுங்கள். அவர்களால் நிலைமையை விசாரிக்கலாம், தொலைந்த ஆவணத்தைச் சுட்டிக்காட்டலாம். முடிவை மாற்றவோ வரிசையில் முன்னுக்குத் தள்ளவோ ஏலாது. வழமையான கால எல்லைக்குள் கேட்டால் “பரிசீலனையில் இருக்கிறது” என்ற ஒற்றை வரிதான் வரும். அது தாண்டினபிறகு போனால்தான் பிரயோசனம். தேர்தலில் ஆள் மாறினால் புது ஒபிசில் படிவத்தைத் திரும்பக் கொடுங்கள், பழைய பைல் தானாக வரும் என்று இருக்கவேண்டாம்.

வரிப் படிவத்தில் எலெக்‌ஷன்ஸ் கனடா பகுதி வரும். கனேடியக் குடிமகனா என்ற கேள்விக்கு “இல்லை” என்று போடுங்கள். வரி செய்து தருகிறவர் அவசரத்தில் “ஓம்” போட்டுவிட்டால் உங்கட பெயர் வாக்காளர் பட்டியலுக்குப் போகக்கூடும், வாக்காளர் அட்டையும் வரலாம். அட்டை வந்தது என்பதற்காகப் போய் வாக்குப் போட்டால் அது குற்றம்.

எம்.பி.க்கு ஒட்டாவா நாடாளுமன்ற முகவரிக்குக் கடிதம் போட முத்திரை தேவையில்லை. தொகுதி ஒபிசுக்கு என்றால் ஒட்டவேணும்.