விளாவுவது குளியலறையில், டேங்குக்குள் அல்ல: சூரிய வெந்நீர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் தரைவீட்டுக் கூரையில் சூரிய வெந்நீர் வைத்திருப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கே (சிராங்கூன் கார்டன்): அண்ணே, எங்கள் டேங்க் 200 லிட்டர். முதல் ஆள் குளித்து வந்ததுமே அடுத்தவருக்கு வெதுவெதுப்புதான். பேனல் போய்விட்டதா?

ப: பேனலில் கை வைக்குமுன் டேங்கைப் பாருங்கள். மேலே 60 லிட்டர் 60 டிகிரியிலும், கீழே 140 லிட்டர் 28 டிகிரியிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுக்கு கலையாமல் நின்றால், அந்த 60 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவி 40 டிகிரியில் 160 லிட்டர் எடுக்கலாம். டேங்குக்குள்ளேயே கலந்துவிட்டால்? மொத்தமும் 37.6 டிகிரி. சூடு ஒரு துளியும் தொலையவில்லை, ஆனால் 40 டிகிரியில் ஒரு வாளிகூடக் கிடைக்காது. பேனலுக்குப் போகும் தண்ணீரும் முன்பே சூடாக இருப்பதால், அது வெயிலிலிருந்து எடுப்பதும் குறையும்.

கே: கலப்பது எதனால்?

ப: பெரும்பாலும் பச்சைத் தண்ணீர் உள்ளே வரும் வேகத்தால். 28 டிகிரியில் ஒரு லிட்டர் சுமார் 996 கிராம், 60 டிகிரியில் 983. இந்த 13 கிராம் வித்தியாசம்தான் அடுக்கைப் பிடித்து நிறுத்துகிறது. குழாய் மேல்நோக்கிப் பீய்ச்சினால் அது தாங்குமா? உள்வாயை அடியில், கிடைமட்டமாகப் பரவும்படி வைக்க வேண்டும். மேலே ஒரு தடுப்புத் தகடு, அல்லது நிறையத் துளையிட்ட குழாய். வாயின் விட்டம் இரு மடங்கானால் வேகம் கால்வாசியாகும். வாங்கும்போதே இதைக் கேளுங்கள், பிறகு மாற்றுவது பெரிய வேலை.

கே (தெலுக் குராவ்): பெரிய பம்ப் போட்டால் சீக்கிரம் சூடாகுமா?

ப: வேண்டாம். பேனலில் சதுர மீட்டருக்கு நிமிடம் 0.2 முதல் 0.4 லிட்டர் மெல்ல ஓடினால், ஒரே சுற்றில் நன்றாகச் சூடேறி மேல் அடுக்கில் சேரும். வேகமாக ஓட்டினால் டேங்க் முழுவதும் சுழன்று கலங்கும்.

கே: கூரையில் படுக்கைவாட்டு டேங்க்தான் இருக்கிறது.

ப: உயரம் குறைவு, அடுக்கும் சீக்கிரம் கலையும். இடமும் கூரையின் பலமும் இருந்தால் நிற்கும் டேங்க் நல்லது. இல்லையென்றால் உள்வாயைச் சரிசெய்வதே முதல் வேலை.

கே (சிலேத்தார்): அடித் தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடந்தால் கிருமி வளராதா தம்பி?

ப: நல்ல கேள்வி அக்கா, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா என்ற கிருமி வளர்வதற்கு 25 முதல் 45 டிகிரி தோது. நம் ஊரில் பச்சைத் தண்ணீரே அதற்குள் வந்துவிடுகிறது. மேல்பாதியில் இருக்கும் மின் ஹீட்டர் அடியைச் சூடாக்காது. அதனால் அவ்வப்போது முழு டேங்கையும் 60 டிகிரிக்குக் கொண்டுவர வழி வேண்டும்: அடியில் இன்னொரு ஹீட்டரோ, மேலிருந்து கீழே சுற்றிவிடும் சிறு பம்போ. அன்று மட்டும் அடுக்கு கலையட்டும். மாலையில் செய்யுங்கள், காலையில் செய்தால் வெயிலுக்கு வேலை இருக்காது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் குளியலறைக்கு முன் கலவை வால்வு (வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைப்பது) கட்டாயம்.