பதுவை அந்தோணியார் உண்மையில் அறிஞரா?

"தொலைந்த பொருளைக் கண்டெடுத்துத் தருபவர் என்றே புனித அந்தோணியாரை நாங்கள் அறிவோம்; அவருக்கு 'மறைவல்லுநர்' பட்டம் ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மறைவல்லுநர் என்பது, போதனையாலும் எழுத்தாலும் சிறந்த புனிதர்களுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை வழங்கும் பட்டம். உவரியிலும் புளியம்பட்டியிலும் கச்சத்தீவிலும் அவரை நாடிச் செல்லும் நம்மவர் பலருக்கும் அவருடைய இந்த முகம் தெரியாதது எனக்கு வருத்தமே.

லிஸ்பனில் பிறந்த அவருடைய இயற்பெயர் பெர்னாந்து. போர்ச்சுகலின் கோயம்பிரா நகரிலிருந்த அகுஸ்தீன் சபை மடத்தில் ஆண்டுக்கணக்கில் விவிலியத்தில் ஆழ்ந்திருந்த அவர், மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டதைக் கண்டு, 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். மொராக்கோ சென்று நோயுற்றுத் திரும்புகையில், புயல் அவரது கப்பலைச் சிசிலிக்குத் தள்ளியது.

இத்தாலியில் அவரது புலமையை எவரும் அறியவில்லை. 1222இல் போர்லி நகரில் நடந்த குருப்பட்ட விழாவில் மறையுரைக்கு வேறெவரும் ஆயத்தமாக இல்லாததால் பேசப் பணிக்கப்பட்டபோதுதான் அது வெளிப்பட்டது. செபத்தின் ஆவி அணைந்துவிடாதபடி சகோதரர்களுக்கு இறையியல் கற்பிக்குமாறு அச்சபையின் நிறுவனரான பிரான்சிஸ் அசிசியாரே அவருக்குக் கடிதம் எழுதினார்.

அவர் விட்டுச்சென்ற மறையுரைத் தொகுப்புகள், மறையுரையாளர்களுக்கான கையேடுகளாகவே எழுதப்பட்டவை. ஆனால் என்னை மிகவும் கவர்வது, தம் உடைமைகளை ஒப்படைத்துவிடும் கடனாளியைச் சிறையிலடைக்கக் கூடாது என, அவர் வேண்டுகோளின்படி 1231 மார்ச்சில் பதுவை நகரம் இயற்றிய சட்டமே. அதே ஆண்டு சூன் 13இல் அவர் இறந்தார்; ஓராண்டு நிறைவதற்குள் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். நீங்கள் கேட்ட பட்டமோ 1946இல்தான் வழங்கப்பட்டது.